மிஸ், போப்பியா: அரசு அலுவலகத்தின் தகவல் பாதுகாப்புக்கு எதை அடிப்படையாக வைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாகாண அரசின் கீழ் இயங்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் எங்கள் தகவல் பாதுகாப்புக் கொள்கையைப் புதிதாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேசையில் ஏற்கெனவே இரண்டு வரைவுகள் கிடந்தன. ஒன்று ‘மிஸ்’ என்று எல்லாரும் சொல்லும் குறைந்தபட்சத் தகவல் பாதுகாப்புத் தரநிலைகளை ஒட்டி எழுதியது. மற்றது போப்பியாவை, அதாவது 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டியது. அரசு அலுவலகம் இரண்டில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. எதைத் தூணாக நிறுத்தி, எதை அதன்மேல் சாய்த்து வைப்பது என்பதுதான் கேள்வி. நான் போப்பியாவைத் தூணாக வைத்தேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று காரணங்களை எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். மிஸ் ஒரு சட்டம் இல்லை. 1996 டிசம்பர் 4 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கொள்கை. ஆவணங்களை வரையறுக்கப்பட்டது, அந்தரங்கம், இரகசியம், அதி இரகசியம் என நான்கு படிகளில் வைக்கிறது. யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் காட்டு, ஆளைச் சோதித்து வேலைக்கு எடு, கதவைப் பூட்டு என்பது அதன் சாரம். போப்பியா நாடாளுமன்றச் சட்டம். அதன் பெரும்பகுதி 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. தயாராக ஓராண்டு அவகாசம் தந்து, 2021 ஜூலை முதல் கட்டாயமானது. தனியார் நிறுவனத்துக்கும் அரசுக்கும் ஒரே அளவுகோல்தான்.

மிஸ்ஸின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் கோப்பறையில் முப்பது வருடம் இருந்த அண்ணன் ஒருவர் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். “உறையில போடு, முத்திரை வை, பதிவேட்டுல கையெழுத்து வாங்கு, பெட்டகத்தைப் பூட்டு. இதுல புரியாம போக என்ன இருக்கு?” என்பார். அவர் சொல்வது நியாயம். போப்பியாவின் 19-ஆம் பிரிவு “பொருத்தமான, நியாயமான” தொழில்நுட்ப, நிர்வாக ஏற்பாடுகள் வேண்டும் என்கிறது. கடவுச்சொல் எத்தனை எழுத்து, சாவி யார் கையில் என்று அதில் எங்கும் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு எழுத்தரிடம் ‘நியாயமான’ என்ற சொல்லைக் கொடுத்து வேலை வாங்க முடியாது. அந்த விஷயத்தில் மிஸ் நல்ல வாத்தியார்.

ஆனால் அது காவல் காப்பது முத்திரை குத்திய ஆவணத்தை. முத்திரை இல்லாத தாளுக்கு அதன் பார்வையில் பெரிய மதிப்பு கிடையாது. இதை நான் என் வீட்டு அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அத்தைக்குத் தொடர்ந்து போன் வந்தது. பேசியவனுக்கு அவர் முழுப்பெயர், பதின்மூன்று இலக்க அடையாள எண், உதவித்தொகை வரும் நாள் எல்லாம் தெரிந்திருந்தது. ‘பதிவுக் கட்டணம்’ என்று சொல்லிப் பணம் கேட்டான். இந்த விவரம் எல்லாம் சேர்ந்து இருக்கும் ஒரே கோப்பு ஒரு அரசு அலுவலகத்தில்தான் இருந்தது. நேரில் போய்க் கேட்டேன். அந்தக் கோப்பை யார் யார் எடுத்தார்கள் என்று பார்க்கப் பதிவேடே இல்லை. அது இரகசிய வகை ஆவணம் இல்லையாம். முதியவர் ஒருவரின் சாதாரண விண்ணப்பம்தானே! நம் அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. கடவுச்சொல்லை மாற்றுவது போல அதை மாற்றவும் முடியாது. ஒருமுறை வெளியே போனால் ஆயுசுக்கும் வெளியேதான். அப்படிப்பட்ட தாளுக்கு எந்த முத்திரையும் இல்லை.

போப்பியா இங்கேதான் வேறு மாதிரி. தாளின் மேல் என்ன முத்திரை என்று அது கேட்பதில்லை. அதில் உயிரோடு இருக்கும் ஒரு ஆளின் விவரம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. இருந்தால் கடமை வந்துவிடுகிறது. திருட்டை மட்டும் அது பார்ப்பதில்லை. தொலைந்துபோவது, கெட்டுப்போவது, அனுமதியில்லாமல் அழிக்கப்படுவது எல்லாம் அதே 19-ஆம் பிரிவில் வருகின்றன. தொலைவதும் பாதுகாப்புக் குறைபாடுதான் என்று இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 1860-க்கும் 1911-க்கும் இடையில் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது இன்றைய குவாசுலு-நேட்டால் மாகாணத்துக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் விவரங்கள் கப்பல் பட்டியல்களில் இருக்கின்றன. எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம். நம்மில் எத்தனை குடும்பங்கள் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சொந்த ஊரைத் தேடிப் போயிருக்கின்றன! ஒரு பக்கம் கிழிந்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஊரே இல்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. பராமரிப்புதான்.

பூட்டு ஒருமுறை வாங்கினால் இருபது வருடம் உழைக்கும். மென்பொருள் அப்படி இல்லை. உரிமம் முடிந்த மறுநாளே அது வெறும் படம். 19-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் நான்கு வேலைகள் சொல்லியிருக்கிறது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வரக்கூடிய ஆபத்துகளைக் கண்டுபிடி, அவற்றுக்குத் தடுப்பு ஏற்படுத்திப் பராமரி, அந்தத் தடுப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று அடிக்கடி சரிபார், புதிய ஆபத்து வந்தால் தொடர்ந்து புதுப்பி. கடைசி இரண்டும் தணிக்கைக்காக ஒரு தாளை நிரப்பி வைத்தால் தீராத வேலைகள்.

இதன் அர்த்தம் நாட்டுக்கே புரிந்தது நீதித்துறை அமைச்சக விவகாரத்தில். 2021 செப்டம்பர் 6-இல் அந்தத் துறையின் கணினிகளைப் பிணைத்தொகை கேட்கும் தீம்பொருள் பூட்டிப்போட்டது. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சப் பணம்கூட நேரத்துக்குப் போகவில்லை. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் தொலைந்தன. போப்பியாவை நடைமுறைப்படுத்தும் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது என்ன? வைரஸ் தடுப்பு, ஊடுருவலைக் கண்டறிதல், பாதுகாப்பு நிகழ்வுகளைக் கண்காணித்தல் ஆகிய மூன்று மென்பொருள்களின் உரிமங்களும் 2020-லேயே காலாவதியாகியிருந்தன, யாரும் புதுப்பிக்கவில்லை. 2023 மே மாதம் ஆணையம் உத்தரவு கொடுத்து 31 நாள் அவகாசம் தந்தது. புதுப்பித்ததற்கான சான்று வராததால் ஜூலையில் 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது. ஒரு கோடி ராண்ட் வரை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

‘அரசுப் பணத்தை அரசே கட்டுவதில் என்ன பயன்?’ என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தொகையைப் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் அபராதம் விழுந்த பிறகு உரிமத்தைப் புதுப்பிப்பது கணினிப் பிரிவின் தலைவலியாக இருந்த நிலை மாறி, துறைத் தலைவரின் பொறுப்பாகிவிட்டது. போப்பியாவின்படி பொது அமைப்பின் தலைவர்தான் தகவல் அதிகாரி. அவர் பெயரை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பெயர் பதிவான ஆள் நாட்காட்டியைப் பார்க்கிறார். எங்கள் அலுவலகத்தில் நான் நேரில் பார்த்த மாற்றம் இது.

இதை வைத்துக் கொள்கையில் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன். மாகாண நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். எங்கள் உரிமங்களில் பாதி பிப்ரவரியில் காலாவதியாகிக்கொண்டிருந்தன. கையில் காசே இல்லாத மாதம் அது. எல்லா உரிமங்களின் தேதியையும் ஜூனுக்குத் தள்ளினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூட வேண்டும். அப்புறம், நகலெடுத்து வைத்த தரவைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். முதல் தடவை ஏற்றியபோது ஒரு முழுக் கோப்புறை திறக்கவே இல்லை. அன்று அது தெரியாமல் போயிருந்தால், ஏதாவது நடந்த நாளில்தான் தெரிந்திருக்கும். நகலும் போனால் என்ன ஆகும் என்பதை அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசோதனை செய்து தரும் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை 2024 ஜூனில் பார்த்தது. தாக்குதலில் நகல்களும் அழிக்கப்பட்டு, பரிசோதனை முடிவுகளுக்காக மருத்துவர்கள் போனில் காத்திருந்தார்கள்.

வெளியாரிடம் வேலை கொடுப்பதிலும் போப்பியா உதவியது. 21-ஆம் பிரிவின்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கசிவு நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் ஒப்பந்தக்காரர் உடனே நமக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிஸ்மா சட்டத்தையும் பார்த்தேன். அங்குள்ள கூட்டாட்சி அலுவலகங்களின் தகவல் பாதுகாப்புக்கான சட்டம் அது. 2002-இல் வந்து 2014-இல் புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு கூட்டாட்சி அலுவலகமும் தன் கணினி அமைப்புகளைப் பட்டியல் போட்டு, பாதுகாப்பு உடைந்தால் வரக்கூடிய பாதிப்பைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று அளவில் பிரித்து, ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். இங்கே கடமைகள் பல ஆவணங்களில் சிதறிக் கிடக்கும்போது, அப்படி ஒரே இடத்தில் இருப்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று அளவுப் பிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் உளவுத்துறையிலோ பாதுகாப்புத்துறையிலோ வேலை பார்த்ததில்லை. தேசியப் பாதுகாப்பு தொடர்பான தகவலுக்குப் போப்பியாவிலேயே விலக்கு இருக்கிறது. அங்கே மிஸ்தான் முன்னால் நிற்கும், நான் அதில் கருத்துச் சொல்லத் தகுதியானவன் இல்லை. ஆனால் இரகசியத்துக்கான சட்ட அடித்தளமும் உறுதியாக இல்லை. 1982-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2010-இல் வந்த அரசுத் தகவல் பாதுகாப்பு மசோதாவைப் பத்திரிகையாளர்கள் கறுப்பு உடையில் எதிர்த்தார்கள். நாடாளுமன்றம் 2013-இல் நிறைவேற்றியும் அது கையெழுத்தாகவில்லை. 2020-இல் குடியரசுத் தலைவர் அதை மறுபடியும் நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்.

எங்கள் கொள்கையில் ஆவண வகைப்பாடு, ஆள் சோதனை, பூட்டு, பதிவேடு எல்லாம் மிஸ்ஸிலிருந்து அப்படியே இருக்கின்றன. பதிவேட்டை மட்டும் முத்திரை இல்லாத கோப்புகளுக்கும் நீட்டினேன். கடைசி இணைப்பு 22-ஆம் பிரிவுக்கானது. தகவல் கசிந்தால் ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்ட ஆளுக்கும் கூடிய சீக்கிரம் சொல்ல வேண்டும். என்ன விளைவு வரலாம், நாங்கள் என்ன செய்கிறோம், அவர் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் முன்கூட்டியே எழுதி வைத்தோம். கோப்பறை அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி. கீழ ஒரு போன் நம்பர் போடு, எடுக்கறவங்க பேரையும் போடு. வயசானவங்க கடுதாசி பாத்துட்டு சும்மா இருக்க மாட்டாங்க, யாரையாவது கூப்பிட்டுக் கேட்கணும்” என்றார். அந்த வரியைச் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பினேன்.