கழுத்து ஃபியூஷனுக்கு எந்த எலும்பு ஒட்டு? இடுப்பெலும்பு முதல் பி.எம்.பி. வரை

சி5-சி6 (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகளுக்கு இடை) மாதிரி ஒரே மட்டத்தில், கழுத்தின் முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்துவிட்டு மேல் கீழ் முள்ளெலும்புகளை ஒன்றாக்கும் ஃபியூஷன் அறுவையில், நடுவில் வைக்கும் கேஜின் (இடைவெளியைத் தாங்கும் சிறு கூடு) துளை கொள்வது பெரும்பாலும் ஒரு சி.சி.க்கும் குறைவுதான். அந்தச் சின்ன இடத்தை எலும்பு ஒட்டாக நிரப்பத்தான் சந்தையில் இத்தனை பொருள்கள். ஒரு மட்டத்துக்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை என்பதே எங்கள் முடிவு. மட்டங்கள் கூடினால், புகைப்பவராக இருந்தால், கணக்கு மாறும்.

எலும்பு ஒன்றோடொன்று கூடுவதற்கு மூன்று வேண்டும்: படர்ந்து வளர ஒரு சட்டகம், வளரச் சொல்லும் புரதங்கள் (பி.எம்.பி. அப்படி ஒன்று), உயிருள்ள செல்கள். மூன்றும் உறுதியாகச் சேர்ந்திருப்பது நோயாளியின் சொந்த எலும்பில் மட்டுமே. இடுப்பெலும்பை இன்றும் அளவுகோலாக வைத்திருப்பது அதனால்தான். ஆனால் அதை எடுத்த இடம் கழுத்தைவிட அதிகமாக வலிப்பதாகச் சொல்லும் நோயாளிகள் பலர். ரத்தக்கட்டு, சீழ், தொடையின் வெளிப்புற மரப்பு ஆகியவையும் வரலாம். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து குறைந்தது 3 செ.மீ. பின்னால் தள்ளி எடுத்தால் தொடையின் வெளிப்புற உணர்வு நரம்பு தப்பும், முனை முறியும் ஆபத்தும் குறையும். உளியைவிட அதிரும் ரம்பம் நல்லது. உளி அடியில் ஒட்டுக்குள் நுண்விரிசல் விழுந்து பின்னால் நொறுங்கும்.

ஒரு மட்டத்துக்கு எங்கள் முதல் தேர்வு, அதே காயத்திலேயே கிடைக்கும் எலும்பு. நரம்பை விடுவிக்க எப்படியும் ஆஸ்டியோஃபைட்டுகளை (ஓரத்தில் வளர்ந்த எலும்புத் துருத்தல்கள்) சீவியாக வேண்டும். ராஞ்சரால் (எலும்பைக் கடித்தெடுக்கும் கருவி) எடுத்த 2-3 மி.மீ. துண்டுகளே சிறந்தவை. அதிவேக பர் (சுழன்று குடையும் கருவி) கிளப்பும் தூளில் உயிருள்ள செல்கள் குறைவு. அதை நிரப்பியாகச் சேர்க்கலாம், அதையே நம்பக் கூடாது. துண்டுகளில் ஒட்டிய தசைநாரையும் குருத்தெலும்பையும் சுத்தமாக நீக்கி, ரத்தத்தில் நனைந்த துணியில் மூடி வையுங்கள். காயவிட்டால் செல்கள் சாகும். ரத்தம் கசிகிறதென்று ஒட்டு உட்காரும் பரப்பில் போன்வாக்ஸ் (ரத்தத்தை அடைக்கும் மெழுகு) தேய்ப்பது பெரிய தவறு. அது கரையாது, அந்த இடத்தில் எலும்பு வளரவும் விடாது.

கேஜில் நிரப்பும்போது மேலும் கீழும் துளி பிதுங்கி நிற்க வேண்டும். எலும்பின் பரப்பைத் தொடாத ஒட்டு, எவ்வளவு உயர்ந்ததானாலும், எலும்போடு ஒன்றுசேராது. எண்ட்பிளேட்டில் (டிஸ்க்கைத் தொடும் முள்ளெலும்பின் பரப்பு) குருத்தெலும்பை மட்டும் கியூரெட் என்ற சுரண்டியால் சுரண்டி, அடியிலுள்ள கெட்டி எலும்பை விட்டுவைக்க வேண்டும். அதையும் குடைந்தால் கேஜ் உள்ளே இறங்கிவிடும். தேவைக்கு மேல் உயரமான கேஜைத் திணித்தாலும் இதே கதிதான்.

இறந்தவரின் கால் சிற்றெலும்பிலிருந்து செய்யும் ஒட்டு இடுப்பு வலியை மிச்சப்படுத்தும். தாங்கும் வலிமையும் உண்டு. செல் இல்லாததால் கூடுவது மெதுவாக. ஒரு மட்டத்தில், முள்ளெலும்புகளை இறுக்கும் உலோக பிளேட்டும் போட்டால் நல்ல பலன். பல மட்டங்களில், அதுவும் புகைப்பவரிடம், கூடாமல் போவது அதிகம். தாது நீக்கிய எலும்புப் பசை (டி.பி.எம்.) கைக்கு வசதியானது, ஆனால் தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறுகிறது, எடையும் தாங்காது. காயத்தைக் கடைசியாகக் கழுவிய பிறகே வையுங்கள், இல்லாவிட்டால் நீரோடு போய்விடும்.

ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செராமிக் குருணைகள் சட்டகம் மட்டுமே. சொந்த எலும்புத் துண்டுகளோடு கலந்து பயன்படுத்துங்கள். இவை முதல் நாள் எக்ஸ்ரேயிலேயே எலும்புபோல வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து 'கூடிவிட்டது' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படங்களில் முள்ளெலும்புகளின் பின்பக்க முள்முனைகளுக்கிடையே 1 மி.மீ.க்கு மேல் அசைவு இருந்தால் சந்தேகப்பட்டு சி.டி. எடுங்கள்.

ஐ-ஃபாக்டர், மாட்டெலும்புத் தாதுவில் பி-15 என்ற சிறு பெப்டைடை (புரதத் துணுக்கு) ஒட்டியது. ஒரு மட்டக் கழுத்து ஃபியூஷனுக்கென்றே 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஆய்வில் அது சொந்த எலும்புக்குக் குறைவில்லை என்றுதான் நிறுவப்பட்டது. அப்படியானால் இலவசமாகக் கிடைப்பதை விட்டு ஏன் வாங்க வேண்டும்? மாட்டிலிருந்து எடுத்தது என்பதையும் நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பி.எம்.பி.-2ஐ ஏந்தும் கொலாஜன் பஞ்சும் அப்படித்தான்.

அந்த பி.எம்.பி.-2ஐ முன்கழுத்தில் வைக்கவே வேண்டாம். எலும்பை வளர்ப்பதில் அது வலுவானது. ஆனால் தொண்டை வீங்கி மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து பற்றி எஃப்.டி.ஏ. 2008 ஜூலையிலேயே எச்சரித்தது. வீக்கம் பெரும்பாலும் 2 முதல் 14 நாளுக்குள், அதாவது நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் வரலாம்.

உயிருள்ள செல்களோடு வரும் தான எலும்பைக் காமா கதிரால் கிருமி நீக்க முடியாது; செல்கள் செத்துவிடும். 2021இல் அமெரிக்காவில் ஃபைபர்செல் என்ற இவ்வகைப் பொருளின் ஒரே தொகுதி நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வைக்கப்பட்டு, பலருக்குக் காசநோய் வந்தது. எந்தத் தொகுதி யாருக்குப் போனது என்ற பதிவு இருந்ததால்தான் அவர்களைத் தேடிப்பிடித்து மருந்து கொடுக்க முடிந்தது. எனவே தான எலும்பு எதை வைத்தாலும் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரை, தொகுதி எண்ணோடு, கேஸ் ஷீட்டில் ஒன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்றுமாக ஒட்டுங்கள்.