ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்கிறது: மென்பொருளா, நகலா, லேபா?

ஹார்ட் டிஸ்க் படுத்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது 'நல்ல ரெக்கவரி சாஃப்ட்வேர் எது?' என்பதைத்தான். என்னைக் கேட்டால், எந்த மென்பொருள் என்பதெல்லாம் அப்புறம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதன் மிச்ச ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. ஆகவே இருக்கும் வழிகளில் எது டிஸ்க்கைக் குறைவாக அலைக்கழிக்கிறது என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

பேக்கப் இருந்தால் இந்த அலசலே தேவையில்லை. புது டிஸ்க்கை மாட்டி, கோப்புகளைத் திரும்பக் கொட்டிக்கொள்ளுங்கள். இல்லை என்று நினைப்பவர்களும் வேறொரு கணினியிலிருந்து ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ ஒருமுறை நுழைந்து பாருங்கள். டெஸ்க்டாப் கோப்புறை உங்களுக்கே தெரியாமல் அங்கே ஏறியிருக்கலாம்.

அடுத்து, நோய் என்ன என்று பார்க்க வேண்டும். 'டிக், டிக்' என்று சீராகத் தட்டுகிறதா? உடனே பவரை நிறுத்துங்கள். படிக்கும் ஹெட் தன் தடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கிற சத்தம் அது. தரவு பதிந்த சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். உரசினால் காந்தப் பூச்சு தூளாக உதிரும்; அந்தத் தூளிலிருந்து யாராலும் எதையும் மீட்க முடியாது.

சத்தமில்லை, சுழல்கிறது, ஆனால் ஒரு கோப்புறையைத் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பாருங்கள். 5, 197, 198 ஆகிய வரிகளில் (சில மென்பொருள்கள் 05, சி5, சி6 என்று காட்டும்) மூல மதிப்பு (Raw) பூஜ்யமாக இல்லாவிட்டால் செக்டர்கள், அதாவது தரவு பதியும் சிறு துண்டுகள், கெட்டுக்கொண்டிருக்கின்றன. 199 மட்டும் ஏறுகிறதா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அதோடு பிரச்சினை தீரலாம்.

செக்டர் கெட்ட டிஸ்க்குக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ரெக்கூவா, ஃபோட்டோரெக் மாதிரி ஒன்றை நேராக அதன் மேல் ஓட்டுவது. ரெக்கூவா நல்ல கருவிதான். ஆனால் அது ஆரோக்கியமான டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்புக்கானது. கெட்ட செக்டரில் மோதினால் இத்தகைய மென்பொருள் அங்கேயே நின்று முட்டும், டிஸ்க்கும் கூடவே முனகும். நடுவில் உறைந்து போனால் பல சமயம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுகிறவர்களும் இருக்கிறார்கள். மீட்க நினைத்த கோப்பின் மேலேயே அது எழுதப்பட்டால் கதை முடிந்தது.

இரண்டாவது வழி, முதலில் முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக ஒரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, மீட்பு வேலையை எல்லாம் நகலில் வைத்துக்கொள்வது. இதற்கு என் தேர்வு குனூ டிடிரெஸ்க்யூ. இலவசம். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் அதிலேயே இருக்கும். சுலபமாகப் படிக்கிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதிக்கும், அங்கே கடைசியில்தான் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். மேப் கோப்பை மட்டும் வேறொரு நல்ல டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ பத்திரமாகச் சேமித்திருந்தால், கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பல நேரடி மென்பொருள்களிடம் இல்லாத இந்த ஞாபகத்துக்காகவே நான் இதன் பக்கம்.

திரையில் 99.99 சதவீதம் என்று வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். 1 டிபி டிஸ்க்கில் மிச்சம் 100 எம்பி. அது ஒரு சினிமாக் கோப்பின் நடுவில் விழுந்தால் நஷ்டமே தெரியாது. கோப்பு அட்டவணையில் (எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல்) விழுந்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் போய்விடும்.

டிடிரெஸ்க்யூவின் குறையும் சொல்ல வேண்டும். கருப்புத் திரை, தட்டச்சிடும் கட்டளைகள். மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டால் வெற்று டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்படும். மாடல் பெயர், சீரியல் எண் இரண்டையும் சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். இலக்கு டிஸ்க் மூலத்தின் அளவாவது இருக்க வேண்டும். நல்ல டிஸ்க் சில மணி நேரத்தில் முடியும். நோயாளி நாள்கணக்கில் இழுக்கும்.

நகல் கையில் வந்தபின் டெஸ்ட்டிஸ்க்கை முயலுங்கள், அது கோப்புறை அமைப்போடு எடுக்கப் பார்க்கும். ஃபோட்டோரெக் கடைசி ஆயுதம். கோப்பு வகையின் அடையாளத்தை மட்டும் வைத்துத் தோண்டுவதால் படம் வரும், பெயர் வராது. 'எஃப்' என்ற எழுத்துக்குப் பின் நீண்ட எண் கொண்ட கோப்புகளாகக் குவிந்து கிடக்கும். திருமணப் படத்தையும் பிரவுசர் ஐகானையும் பிரித்தெடுக்க உட்கார்ந்தால் ஒரு வாரயிறுதி காலி.

விண்டோஸே பரிந்துரைக்கும் செக்டிஸ்க்? மூல டிஸ்க்கில் கூடவே கூடாது. கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அல்ல. அதற்காக அட்டவணையையே திருத்தி எழுதிவிடும்.

தட்டுகிற, சுழலாத டிஸ்க்குக்குத் தரவு மீட்பு லேப்தான். ஃப்ரீசரில் வைக்கும் வித்தையால் தட்டில் ஈரம் படியும். சர்க்யூட் போர்டை அதே மாடலிலிருந்து மாற்றிப் பார்ப்பதும் இப்போது பெரும்பாலும் பலிக்காது, அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் ஒரு சிப்பில் இருப்பதால். லேபில் ஹெட்டை மாற்றிய பிறகு அவர்களும் முதலில் எடுப்பது நகல்தான். பரிசோதனைக்குக் கட்டணமா, தரவு வராவிட்டாலும் பணம் உண்டா, கோப்புப் பட்டியலைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார்களா என்று கேளுங்கள். சாதாரண மேஜையில் வைத்துத் திறக்கிறவரிடமிருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் கணக்கு மாறும். தட்டும் எச்சரிக்கை எல்லாம் கிடையாது, திடீரென்று காணாமல் போகும்; டிரிம் (அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் கட்டளை) ஓடிவிட்டால் அழித்த கோப்பு திரும்பாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் எந்த வழியானாலும் பெரும்பாலும் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள்.

வாரன்டி இருக்கிறதே என்று டிஸ்க்கை அவசரமாக அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் தருவது வேறொரு டிஸ்க். பழையது திரும்பி வராது. மீட்ட கோப்புகளைப் பத்து இருபதாவது திறந்து பார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்தபின் அனுப்பினால் போதும்.