சின்னத்திரையா, சினிமாவா: வடசென்னை காமெடியனுக்கு எது முதலில்?

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்து காமெடி பண்ணக் கிளம்பும் பையனுக்கு ரெண்டு வாசல். சினிமா வாசலில் காத்திருப்புதான் முக்கால்வாசி வேலை. சென்ட்ரலில் மெட்ரோ மாறி வடபழனி போய், சாயங்காலம் வரை மேக்கப்போடு உட்கார்ந்து, ஹீரோவுக்குப் பின்னால் நின்று ஒரு வரி பேசுவான். எடிட்டிங்கில் அதுவும் போகலாம். வடசென்னைப் பேச்சு என்றாலே லுங்கி கட்டிய அடியாள் வேஷம்தான் தருவார்கள் (இது எப்போ மாறுமோ!).

டிவியில் அந்தப் பேச்சே கைச்சரக்கு. ஸ்கிட்டைத் தானே எழுதலாம். கவுண்டர் எடுபட்டதா இல்லையா என்று எதிரே இருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். டைமிங் அங்கேதான் பழகும். சந்தானமும் யோகி பாபுவும் 'லொள்ளு சபா' வழியாக வந்தவர்கள்தானே? சந்தானத்துக்கு 2004-ல் 'மன்மதன்' அமைந்தது அதற்கு அப்புறம்தான்.

ஆனால் டிவி எபிசோடு அடுத்த வாரமே மறந்துபோகும். நல்ல சினிமா காமெடியை ஆதித்யாவும் சிரிப்பொலியும் வருஷக்கணக்கில் ஓட்டும். பெயர் எடுத்துவிட்டால் சம்பளமும் சினிமாவில்தான். சரி, என் ஓட்டு முதலில் டிவிக்கு. ஒரே கெட்டப்பில் ரெண்டு சீசனுக்கு மேல் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.