வீட்டில் வைத்துத் தேற்றுவதா, விடுதிக்கு அனுப்புவதா? அமெரிக்கப் பதின்பருவச் சிகிச்சை மையங்கள்: ஓர் ஒப்பீடு

கட்டுக்கு அடங்காமல் போன, அல்லது உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று பெற்றோரை அஞ்சவைக்கிற பதின்பருவப் பிள்ளைக்கு வீட்டில் வைத்தே சிகிச்சை தருவதா, தொலைதூர மையம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கவைப்பதா என்ற விவாதம் அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக ஓயவில்லை. அனுப்பியதால்தான் மகள் உயிரோடிருக்கிறாள் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே பட்டதிலிருந்து நாற்பது வயதிலும் மீள முடியவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர் உண்மையைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது ஒரே வகையான இடத்தைப் பற்றியல்ல என்பதால், ‘அனுப்பலாமா, கூடாதா’ என்ற ஒற்றைக் கேள்வி விவாதத்தை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை.

அனுப்புவது என்பதற்குள்ளேயே மூன்று வேறுபட்ட வழிகள் அடங்கியிருக்கின்றன. மனநல மருத்துவரும் செவிலியரும் உள்ள, உரிமம் பெற்ற உறைவிடச் சிகிச்சை மையம் ஒன்று. பாலைவனத்திலோ மலைக்காட்டிலோ பல வாரங்கள் நடக்கவைத்து, கூடாரத்தில் தூங்கவைக்கும் வனமுகாம் இன்னொன்று. ஓராண்டு, ஈராண்டு என்று நீளும் ‘சிகிச்சை’ விடுதிப் பள்ளி மூன்றாவது. அனுப்பாமல் இருப்பது என்பதும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. வீட்டுக்கே வந்து நடத்தும் தீவிரக் குடும்பச் சிகிச்சை, பகலில் மட்டும் மருத்துவமனையில் இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் திட்டம், பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பத்தில் சில மாதம் இருத்தல் என்று அதற்குள்ளும் பல வழிகள் உண்டு. விளம்பரக் கையேட்டில் தெரியும் குதிரைகளையும் ஏரிகளையும் ஒதுக்கிவிட்டு, இவை அனைத்தையும் இரண்டே அளவுகோல்களால் அளக்கலாம் என்பது என் கருத்து. தனக்கு அநீதி நடக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க அந்த இடத்துக்கு வெளியே யார் இருக்கிறார்? அங்கே கிடைத்த முன்னேற்றம் வீடு திரும்பிய பின்னும் நிற்குமா?

உறைவிடச் சிகிச்சைக்கு இருக்கும் வலுவான நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயலும் பிள்ளையை, உணவை மறுத்து உடல் குலைந்துபோன பிள்ளையை, ஒரே மாத்திரையில் உயிரைப் பறிக்கும் போதைப் பொருளுக்கு ஆட்பட்ட பிள்ளையை, இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டில் கண்காணிப்பது எந்தப் பெற்றோராலும் இயலாத காரியம். தம்பி தங்கையரை அடிக்கும் பிள்ளை என்றால், அந்த வீட்டில் பாதுகாப்புத் தேவைப்படுவோர் பலர். இப்படிப்பட்ட நிலையில் குறுகிய காலத்துக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஒரு மையத்தில் தங்கவைப்பதைக் குறைகூற இடமில்லை. குறைகூறுவோர் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். ஆபத்து தணிக்கும் இடமாக உறைவிடம் பயன்படுகிறது. ஆளை மாற்றித் தரும் இடமாக அது தன்னை விற்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

அந்த விற்பனைக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1958-இல் கலிபோர்னியாவில் போதை மீட்புச் சமூகமாகத் தொடங்கிய சினனான், வட்டமாக உட்காரவைத்து ஒருவரை மற்றவர்கள் வசைபாடி உடைக்கும் முறையைச் சிகிச்சை என்ற பெயரில் நடத்தியது. பெரியவர்களுக்கான அந்த முறை பின்னர் பிள்ளைகளுக்கான திட்டங்களுக்குள் இறங்கியது. ஃபுளோரிடாவின் ‘தி சீட்’ திட்டத்தின் உத்திகளை, வட கொரியர் கைதிகளிடம் கையாண்ட மூளைச் சலவையோடு ஒப்பிட்டு 1974-இல் செனட் குழுவின் அறிக்கை ஒன்று எழுதியது. அதன் வழிவந்த ‘ஸ்ட்ரெயிட்’ 1976 முதல் 1993 வரை நடந்தது. பெயர்கள் மூடப்பட்டனவே தவிர, பழக்கங்கள் வேறு பலகைகளின் கீழ் தொடர்ந்தன.

அவற்றுள் முக்கியமானது ‘நிலை’ முறை. புதிதாக வரும் பிள்ளை அடிநிலையில் இருப்பான். வாசற்படி தாண்ட அனுமதி கேட்க வேண்டும், பிறரோடு பேசக்கூடாது, தப்பி ஓடாமல் இருக்க இரவில் காலணிகளை ஒப்படைத்துவிட வேண்டும். சொன்னபடி நடந்தால் மதிப்பெண். மதிப்பெண் சேர்ந்தால் அடுத்த நிலை. மேல்நிலைக்கு வந்தால்தான் வீட்டுக்குத் தொலைபேசி. அந்த அழைப்பும் சில நிமிடமே. அருகில் ஊழியர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், குறை சொல்லத் தொடங்கினால் இணைப்பைத் துண்டிப்பார். கடிதங்களையும் அவர்களே முதலில் படிப்பார்கள். இவற்றையெல்லாம் விடக் கூர்மையான பகுதி பெற்றோருக்குத் தரப்படும் அறிவுரைதான்: “முதல் சில வாரங்களில் பிள்ளை உங்களைத் தன் வசப்படுத்தப் பார்ப்பான், அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்பான், நம்பாதீர்கள்.” பிள்ளை சில சமயம் பொய் சொல்லவும் கூடும். ஆனால் அரசு ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம் என்றிருந்த இடங்களில், நாள்தோறும் கவலைப்படும் ஒரே வெளியாளான பெற்றோரின் காதை முன்கூட்டியே அடைத்துவிடும் ஏற்பாடு இது. முதல் அளவுகோலில் இத்தகைய இடங்கள் தோற்றுப்போவது இங்கேதான்.

தோற்றதன் விலை சிறியதல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007-இல் அளித்த அறிக்கை, 1990 முதல் ஆயிரக்கணக்கான துன்புறுத்தல் புகார்கள் இருப்பதைக் காட்டியது. 2005-ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் நிகழ்வுகளில் தொடர்புபட்டிருந்தனர். 2020-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் உள்ள ஒரு மையத்தில், உணவுக்கூடத்தில் ரொட்டித் துண்டை எறிந்த 16 வயதுச் சிறுவனைப் பல ஊழியர்கள் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். இரண்டு நாளில் அவன் மருத்துவமனையில் இறந்தான். 2024 பிப்ரவரியில் வட கரோலினா வனமுகாம் ஒன்றுக்கு வந்துசேர்ந்த 12 வயதுச் சிறுவன், மறுநாள் காலையில் தன் தூங்கும் கூடாரப்பையில் பிணமாகக் கிடந்தான். மாநிலம் அந்த முகாமின் உரிமத்தைப் பறித்தது. வனமுகாம்கள் எல்லாம் இப்படி என்று யாரும் சொல்லவில்லை. நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டதிலும் மலையேறியதிலும் தன்னம்பிக்கை பெற்றதாகச் சொல்லும் பிள்ளைகள் உண்மையிலேயே உண்டு. அதே மலையை விருப்பத்தோடு, பெற்றோருக்குத் தொலைபேசும் உரிமையோடு ஏறினாலும் அந்தத் தன்னம்பிக்கை வருமே என்பதுதான் என் கேள்வி. விடியற்காலையில் முன்பின் தெரியாத ஆட்களைப் படுக்கையறைக்கு அனுப்பிப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் வழக்கத்தை எந்தச் சிகிச்சைக் கோட்பாட்டைக் கொண்டும் நியாயப்படுத்த இயலாது.

இனி எதிர்ப்பக்கம். வீட்டை மையமாக்கிய முறைகளில் பெயர் பெற்றது பன்முறைமைச் சிகிச்சை. ஒரு சிகிச்சையாளர் ஒரே சமயத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்களை மட்டுமே ஏற்பார். மூன்று முதல் ஐந்து மாதம், பெற்றோருக்குத் தோதான மாலை நேரங்களில் வீட்டுக்கே வருவார். நள்ளிரவில் சண்டை மூண்டாலும் குழுவில் ஒருவர் தொலைபேசியை எடுப்பார். செவ்வாய் இரவு பையன் வீடு திரும்பவில்லை என்றால், அவனுடைய குணத்தைப் பற்றிய விசாரணை அங்கே நடக்காது. அப்பாவுக்கு இரவுப் பணி, அம்மா தனியாக இருந்தார், பதினொரு மணிக்குக் கார் வைத்திருக்கும் நண்பன் அழைத்தான், மறுநாள் பள்ளியில் தேர்வு இருந்தது என்று காரணங்களைத் தாளில் வரிசையாக எழுதி, அவற்றில் எதை இந்த வாரம் மாற்றலாம் என்று பெற்றோரோடு சேர்ந்து முடிவெடுப்பார்கள். பிள்ளை வாழப்போகும் வீட்டிலேயே மாற்றம் நடப்பதால் ‘திரும்பிய பின் நிற்குமா’ என்ற கேள்வி பெருமளவு கரைந்துவிடுகிறது. குறை சொல்ல வேண்டுமானால் பிள்ளைக்கு அடுத்த அறை போதும்.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. இங்கிலாந்தில் 684 குடும்பங்களைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், பதினெட்டு மாத முடிவில் இந்தச் சிகிச்சை வழக்கமான சேவைகளை விஞ்சவில்லை. அமெரிக்காவின் தொடக்க ஆய்வுகள் தந்த பளபளப்பு அத்தோடு மங்கியது. நடத்துவோரின் தரமும், ஒப்பிடப்படும் வழக்கமான சேவையின் தரமும் முடிவைப் புரட்டிப் போடும் என்பது தெளிவானது. பெற்றோர் தாமே போதையிலோ கடும் மனச்சோர்விலோ இருந்தால் இந்த முறை தள்ளாடும். வீட்டிலேயே துன்புறுத்தல் நடக்கிறது என்றால் இது கூடவே கூடாது. பல மாநிலங்களில் காப்பீடு இதற்குப் பணம் தராது. தந்தாலும் காத்திருப்போர் பட்டியல் நீளும். அந்தக் காத்திருப்பு வாரங்களில்தான் தனியார் மையத்தின் ‘நாளையே இடம் இருக்கிறது’ என்ற பதில் பெற்றோருக்குத் தெய்வவாக்காகக் கேட்கிறது.

வெட்டிக்கொள்ளுதல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்குப் பதின்பருவத்தினருக்கென வடிவமைத்த, உணர்ச்சிக் கொந்தளிப்பைக் கையாளப் பயிற்சி தரும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை வெளிநோயாளியாகவே பயன் தருகிறது என்பதை நார்வேயில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அனுப்பியே தீர வேண்டும் என்று பலரும் நினைக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் இந்த வகையினரே என்பது கவனத்துக்குரியது.

நேருக்கு நேர் ஒப்பீட்டுக்கு மிக அருகில் வருவது ஓரிகன் மாநிலத்தில் உருவான வளர்ப்புக் குடும்பச் சிகிச்சை. குற்றச் செயல்களால் வீட்டுக்கு வெளியே வைக்கப்பட வேண்டிய நிலையில் இருந்த 79 சிறுவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் குழு இல்லங்களுக்கும், மற்றவர்களைப் பயிற்சி பெற்ற வளர்ப்புப் பெற்றோரிடம் தனித்தனியாகவும் அனுப்பினார்கள். 1998-இல் வெளியான முடிவில், குடும்பங்களில் இருந்தவர்கள் பின்னர் குறைவாகவே குற்றங்களில் சிக்கினர். இரு சாராரும் வீட்டை விட்டுப் பிரிந்தவர்களே. வேறுபாடு, ஒரு சாரார் தம்மைப் போன்றவர்களோடே இரவும் பகலும் அடைபட்டிருந்தார்கள் என்பது. கூட்டாளிகளின் சிரிப்பும் மெச்சலும் தீய பழக்கத்தை வளர்ப்பதை வேறு ஆய்வுகளும் கண்டன. சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க 1939-இல் பாஸ்டன் அருகே தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டத்தின் பிற்காலப் பகுப்பாய்வில், கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்ட சிறுவர்களே உதவி எதுவும் பெறாதவர்களைவிட மோசமாகியிருந்தனர். நல்லெண்ணத்தோடு செய்ததே இப்படி முடிந்தது. மையத்துக்குள் மதிப்பெண் ஏறியதைக் கொண்டு பிள்ளை தேறிவிட்டான் என்று சொல்வது ஏன் ஏமாற்றமாக முடிகிறது என்பதற்கும் இதில் பாதி விடை உண்டு. மீதி, வீட்டில் அந்த நிலைகளும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை என்பது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வனமுகாம் பல பத்தாயிரம் டாலர் ஆகும். அது முடியும் தறுவாயில், வீட்டுக்கு அல்ல, விடுதிப் பள்ளிக்கு அனுப்பும்படி பரிந்துரை வருவது வழக்கம். அதற்காக வீட்டை அடமானம் வைத்தவர்கள் உண்டு. அதே தொகையில் எத்தனை மாத வீட்டுச் சிகிச்சை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்ட அந்த மேசையில் ஒருவரும் இருப்பதில்லை.

சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் நடுநிலையான மருத்துவர் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் சொன்னது. தனியார் விடுதிகளிலும் முகாம்களிலும் அந்தச் சரிபார்ப்பும் பெரும்பாலும் இல்லை. 2018-இன் கூட்டாட்சிச் சட்டம் அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளைக் குழு இல்லங்களில் வைப்பதற்கான நிதியைச் சுருக்கி, தகுதி பெற்ற மையங்களில் வெளியேறிய பின் ஆறு மாதத் தொடர் ஆதரவைக் கட்டாயமாக்கியது. இத்தொழிலின் தலைநகரம் எனத்தக்க யூட்டா மாநிலம், தன் பதின்பருவத்தில் அங்கே அடைபட்டிருந்த தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் சாட்சியம் அளித்த பின், 2021-இல் அடக்குமுறைகளைக் கட்டுப்படுத்தி, வாரந்தோறும் குடும்பத்தோடு அந்தரங்கமாகப் பேசும் உரிமையைப் பிள்ளைக்குத் தந்தது. 2024 டிசம்பரில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் நாடு தழுவிய ஆய்வுக்கு மட்டுமே வழிசெய்தது.

என் தீர்ப்பு இது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத பிள்ளைக்கு வீட்டு வழிகளே முதலில், அவை கிடைக்காத ஊரில், அரைகுறையான உள்ளூர்ச் சிகிச்சைகூட நீண்ட கால விடுதிப் பள்ளியைவிட மேல். ஆபத்து இருந்தால், வீட்டுக்குக் கார் ஓட்டிப் போய்வரும் தூரத்தில், மருத்துவர் உள்ள, வெளியேறும் தேதியும் அதன்பின் யார் பார்ப்பார் என்பதும் சேர்க்கும் நாளிலேயே எழுதப்படும் மையம். சேர்க்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: யாரும் ஒட்டுக்கேட்காமல் முதல் வாரத்திலேயே என் பிள்ளை என்னோடு பேச முடியுமா, நான் சொல்லாமல் வந்து பார்க்க முடியுமா? ‘முடியாது, அது சிகிச்சையைக் கெடுக்கும்’ என்று பதில் வந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடலாம்.