கிளிநொச்சி மா ஆலையில் வட்ஸ்அப் பிஸ்னஸ்: ஓராண்டுப் பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் சிறிய ஆலையில் வறுத்த சிவப்பரிசி மா, காயவைத்த பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மா, கறித்தூள் ஆகியவற்றை அரைத்து விற்கிறோம். அவற்றுக்கு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளவும் தேடி வந்தவரைத் தக்கவைத்துக்கொள்ளவும் ஓராண்டாக வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைப் பயன்படுத்திவருகிறேன். 2018இல் வெளிவந்த இந்தச் செயலியை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். வன்னியில் சிறுதொழில் செய்பவர் இணைய விளம்பரத்துக்குக் காசு செலவழிக்க முன்னர் இதைத்தான் கைக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வாடிக்கையாளர் பலர் தட்டச்சுச் செய்வதில்லை. "ஒடியல் மா ரெண்டு கிலோ, பின்னேரம் தர்மபுரம் பஸ்ஸில போட்டுவிடுங்கோ" என்று குரல் பதிவு வரும். சற்று நேரத்தில் வங்கிச் சிட்டையின் படம் வரும். முன்பெல்லாம் இவற்றைக் கொப்பியில் எழுதி, எது அனுப்பியது, எது அனுப்பாதது என்று இரவில் தேடிக்கொண்டிருப்போம். இப்போது ஒவ்வொரு உரையாடலுக்கும் 'காசு வந்தது', 'பஸ்ஸில் போட்டது' என்று அடையாளமிட்டுவிடுவதால் ஒரு கட்டளையும் தவறுவதில்லை. பொருட்பட்டியலில் படம், நிறை, விலை மூன்றையும் போட்டுவைத்திருப்பதால் விலை கேட்டு வரும் அழைப்புகளும் குறைந்துள்ளன. தொடக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்களில் எந்த மா எது என்று தெரியவில்லை. காலை வெயிலில், ஆலை வாசலில், சுளகில் பரப்பி எடுத்த பிறகுதான் சிவப்பரிசி மாவின் நிறம் உள்ளபடி வந்தது.

ஒரே செய்தியை, பெறுநர் பட்டியல் ஒன்றில் சேர்த்த 256 பேர் வரையானோருக்கு ஒரே தடவையில் அனுப்பலாம். ஆனால் எங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே அது போய்ச்சேரும். இதை நான் நல்ல ஏற்பாடாகவே கருதுகிறேன், ஏனெனில் வேண்டாதவரைத் தொந்தரவு செய்யும் நிலை வராது. அதனால் ஒவ்வொரு பக்கற்றிலும் இலக்கத்தை அச்சிட்டு, சேமித்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

இதற்கு முன்னர் மாதக் கட்டணத்துக்கு ஒரு விளம்பரச் சேவையை அமர்த்தியிருந்தேன். அவர்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய விளம்பரங்களில் 'மா' என்பதெல்லாம் 'மாவு' என்று வந்தது. விளம்பரத்தைப் படித்தவர்கள் இது இந்தியப் பொருளா என்று கேட்டார்கள். முகநூல் விளம்பரத்தை நாடு முழுவதற்கும் விட்டதால் விருப்பங்கள் குவிந்தன, கட்டளைகள் வரவில்லை. பின்னர் ஆடிப்பிறப்புக்கு இரண்டு கிழமைகள் முன்னதாக நானே பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம் ஆகிய இடங்கள் அடங்கும்படி வரைபடத்தில் எல்லை குறித்து, கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் வேண்டிய மா என்று எங்கள் சொல்லிலேயே எழுதி விளம்பரம் செய்தேன். அதிலிருந்த பொத்தானை அழுத்தியவர்கள் நேரே வட்ஸ்அப்புக்கு வந்தார்கள். அந்தக் கிழமை ஆலை இரவிலும் ஓடியது.

குறுங்காணொளிக்கு இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. மா வறுபடுவதைத் தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து அரை நிமிடம் எடுத்தாலே போதும், இசை சேர்க்கத் தேவையில்லை. கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிந்து, திறந்திருக்கும் நேரத்தையும் பொருட்களின் பெயரையும் சரியாக எழுதிவைப்பதும் அவசியம். தேடுபவருக்குக் கூகிள் செயற்கை நுண்ணறிவால் சுருக்கமாகப் பதில் தரத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், தெளிவாக எழுதப்படாத கடை அந்தப் பதிலில் இடம்பெறுவது கடினம்.

சேவை நிறுவனம் ஒன்றை அமர்த்துவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எங்கள் முகநூல் பக்கத்தை அந்தச் சேவையினர் தங்கள் கணக்கிலேயே உருவாக்கியிருந்ததால், நிர்வாக உரிமையைத் திரும்பப் பெற இரண்டு மாதங்கள் அலைந்தேன். பக்கம், வரைபடப் பதிவு, வட்ஸ்அப் இலக்கத்தின் சிம் ஆகிய மூன்றும் கடை உரிமையாளரின் பெயரில் இருப்பதை முற்பணம் கொடுக்க முன்னரே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.