வேட்பாளர் நுழையாத தெரு: தருமபுரியிலிருந்து ஒரு வாக்குமுறை அலசல்

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் திமுகவின் ஆ. மணி 4,32,667 வாக்குகள் பெற்று வென்றார். பாமகவின் சௌமியா அன்புமணிக்கு 4,11,367 வாக்குகளும், அதிமுகவின் அசோகனுக்கு 2,93,629 வாக்குகளும் கிடைத்தன. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் தேர்ந்தெடுத்தவர் உறுப்பினரானார். மற்றவர்கள் வேறு யாரையோ விரும்பினார்கள். இதில் முறைகேடு எதுவும் இல்லை. நம் சட்டம் வேட்பாளரிடம் கேட்பது பெரும்பான்மையை அன்று, அடுத்தவரைவிட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும் என்பதே.

வாக்குமுறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வாக்கு விழுக்காடும் இட விழுக்காடும் பொருந்துகின்றனவா என்ற ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால், 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் சாதி வன்முறையில் மூன்று தலித் குடியிருப்புகள் தீக்கிரையானதைக் கண்ட ஒரு மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்க்கும்போது, அதற்கு முன்பாக வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: எந்த முறை ஒரு வேட்பாளரைத் தனக்கு வாக்களிக்காத தெருவுக்குள்ளும் போய்க் கைகூப்ப வைக்கும்?

இப்போதைய முறை அதைச் செய்வதில்லை. பல நேரங்களில் அதற்கு நேர்மாறானதையே செய்கிறது. தேர்தல் முடிந்ததும் வெளியாகும் படிவம் 20, ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. ஊருக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி என்று அமைந்துள்ள இடங்களில், எந்தத் தெரு ‘நம்முடையது’, எந்தத் தெரு ‘அவர்களுடையது’ என்று கண்டுபிடிக்க ஒன்றியச் செயலாளருக்கு அரை மணி நேரம் போதும். நால்முனைப் போட்டியில் 35 விழுக்காடே வெற்றிக்குப் போதும் என்றால், தன் சமூகத்தின் வாக்கைச் சிதறாமல் திரட்டி, எதிர்த் தரப்பின் வாக்கு பிரிவதற்காகக் காத்திருப்பதுதான் மலிவான வழி. பிரச்சார வண்டி சில தெருக்களின் முனையிலேயே திரும்பிவிடுவதற்கு வேட்பாளரின் மனப்போக்கு ஒரு காரணம் என்றால், இந்த எண் கணக்கு இன்னொரு காரணம்.

இந்த முறைக்கு வலுவான நியாயங்களும் உண்டு. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில், வாக்கு அளவுக்கேற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாச்சார முறை கோரப்பட்டபோது, எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது ஒத்துவராது என்றும் நிலையான அரசு அமையாது என்றும் அம்பேத்கர் மறுத்தார். முதல் காரணம் இன்று பெரிதும் தேய்ந்துவிட்டது, இரண்டாவது தேயவில்லை. தவிர, பென்னாகரத்துக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர், தளிக்கு ஓர் உறுப்பினர் என்று இருப்பதால், குடிநீர் வரவில்லை என்றால் யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதில் மக்களுக்குக் குழப்பம் இல்லை.

ஆனால் வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள உறவை இந்த முறை எந்த அளவுக்குச் சிதைக்கிறது என்பதற்குப் பாமகவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்று மாநிலம் முழுவதும் 5.3 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற அக்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. முதல்வர் வேட்பாளராக நின்ற அன்புமணியே பென்னாகரத்தில் தோற்றார். 2021-இல் அதிமுக கூட்டணியில் 23 தொகுதிகளில் மட்டும் நின்று, 3.8 விழுக்காடு வாக்குகளோடு தருமபுரி, பென்னாகரம் உட்பட ஐந்து இடங்களில் வென்றது. வாக்கு குறைந்தது, இடம் கூடியது. அதே தேர்தலில் கிருஷ்ணகிரித் தொகுதியின் முடிவைத் தீர்மானித்தது வெறும் 794 வாக்கு வித்தியாசம். மூன்றாம் இடத்தில் வந்தவர் பெற்றது அதைப்போல் பல மடங்கு.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ‘இவர் இல்லையென்றால் அவர்’ என்ற இரண்டாம் விருப்பத்தை நம் வாக்குச்சீட்டு கேட்பதில்லை. அந்த வேலையைக் கூட்டணிப் பேச்சுவார்த்தை செய்துவிடுகிறது. பாமக வாக்காளரின் இரண்டாம் விருப்பம் 2011-இல் திமுக என்றும், 2014-இல் பாஜக அணி என்றும், 2019-இலும் 2021-இலும் அதிமுக என்றும், 2024-இல் மீண்டும் பாஜக என்றும் முடிவு செய்தது வாக்காளரா? தொகுதிப் பங்கீட்டு அறையில் அமர்ந்திருந்த சிலர்தான்.

மாற்று முறைகளில், முதல் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மறுபடியும் வாக்களிக்க வைக்கும் பிரான்சின் இரு சுற்று முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் சுற்றில் 20 விழுக்காட்டைக்கூட எட்டாத சிராக், தீவிர வலதுசாரியான லெ பென்னை எதிர்கொண்ட இரண்டாம் சுற்றில் 82 விழுக்காடு பெற்றார். தீவிரப் போக்கினரைத் தடுக்கும் அணை என்ற வகையில் அது பயன்பட்டது. நமக்கோ ஒரு சுற்றுக்கே வீடு வீடாகப் பணக் கவர் வருகிறது. இரண்டாவது சுற்றை யார் தாங்குவார்கள்?

கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியல்களுக்கு வாக்கு அளவுக்கேற்ப இடங்களைப் பங்கிடும் பட்டியல் விகிதாச்சார முறைக்கு இங்கே ஆதரவாளர்கள் பலர் உண்டு. சிறிய கட்சிகள் சில ஏதோ ஒரு காலத்தில் அதைக் கேட்டிருக்கின்றன. தருமபுரியின் 5 தொகுதிகளையும் கிருஷ்ணகிரியின் 6 தொகுதிகளையும் சேர்த்து, 11 பேரைத் தேர்ந்தெடுக்கும் ஒரே தேர்தல் மாவட்டமாக ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 8 அல்லது 9 விழுக்காடு வாக்கு இருந்தால் ஓர் இடம் உறுதி. ஓசூர், தளிப் பக்கத்துத் தெலுங்கு, கன்னடம் பேசும் மக்களுக்கும், இதுவரை சட்டமன்றத்தையே காணாத கட்சிகளுக்கும் அது நியாயமானது என்பதை மறுக்க இயலாது. ஆனால் என் அளவுகோலில் இந்த முறை தேறவில்லை. 9 விழுக்காடே போதும் என்ற நிலையில், ஒரு சமூகத்தை மட்டும் நம்பும் கட்சி அடுத்த சமூகத்திடம் பேசவே தேவையில்லை; பேசினால் சொந்தப் பட்டியலிலேயே கடும்போக்கு உடைய இன்னொருவர் முந்திவிடலாம். 1989 முதல் மாவட்ட விகிதாச்சார முறையோடு, பட்டியலுக்குள்ளேயே தனக்குப் பிடித்தவரைக் குறிக்கும் விருப்பு வாக்கும் நடைமுறையில் உள்ள இலங்கையில், ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வது பழகிப்போன காட்சி.

விருப்ப வரிசை முறையில் வாக்காளர் 1, 2, 3 என்று எண் இடுகிறார். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படுகின்றன. ஆஸ்திரேலியக் கீழவைக்கு 1918 முதல் இதுதான் முறை. இதை 2024 தருமபுரிக்குப் பொருத்தினால், அசோகனுக்கு விழுந்த 2,93,629 சீட்டுகளிலும் இரண்டாவதாக யார் பெயர் இருந்திருக்கும் என்பதே வெற்றியைத் தீர்மானித்திருக்கும். அது யாருக்குச் சாதகம் என்பதை ஊகிக்க நான் விரும்பவில்லை. ஆனால் மணியும் சௌமியாவும் அதிமுக கொடி பறக்கும் தெருக்களிலும் ‘முதல் வாக்கு உங்கள் விருப்பம், இரண்டாவதை எனக்குத் தாருங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். அங்கே வசைபாடிவிட்டு வந்திருக்க முடியாது.

இது வெறும் ஊகம் அன்று. பப்புவா நியூ கினியில் 2002 தேர்தல் வரை நம்முடைய முறைதான் இருந்தது. குலத்துக்கு ஒருவர் நின்றதால், பலர் 20 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளில் வென்றனர். மூன்று விருப்பங்களைக் கட்டாயம் குறிக்கும் முறை வந்த பிறகு, பிற குலத்தாரிடம் இரண்டாம் வாக்குக் கேட்பது வேட்பாளர்களுக்கு அவசியமாயிற்று. வன்முறையும் பண வினியோகமும் அங்கே ஒழிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபிஜித் தீவில் நடந்தது இன்னும் பெரிய எச்சரிக்கை. 1999-இல் பூர்வகுடியினரையும் இந்திய வம்சாவளியினரையும் நெருங்கவைக்க இதே முறை கொண்டுவரப்பட்டது. ஆனால் கட்சிச் சின்னத்தில் ஒரு குறியிட்டால் மீதி வரிசையைக் கட்சியே நிரப்பிக்கொள்ளும் வசதி தரப்பட்டதால், இரண்டாம் விருப்பம் மறுபடியும் தலைவர்களின் பேரத்துக்குள் போய்விட்டது. அடுத்த ஆண்டே ஆட்சிக் கவிழ்ப்பு நிகழ்ந்தது.

இன்னொரு குறையும் உண்டு. எல்லோருக்கும் இரண்டாம் விருப்பமாக இருக்கும் நடுநிலையாளர், முதல் விருப்பம் குறைவாக இருந்தால் முதலிலேயே வெளியேற்றப்படுவார். எண்ணிக்கையும் நீளும், வாக்குகளை மாற்ற வேண்டுமானால் தொகுதியின் எல்லாச் சீட்டுகளின் கணக்கும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் இன்றைய மின்னணு இயந்திரத்தில் வரிசை இட வழியில்லை. ஆயினும் முறை நமக்குப் புதிதன்று: மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் இன்றும் இப்படித்தான் எண் இடுகிறார்கள்.

ஆகவே சட்டமன்றத்துக்கு முன் ஊராட்சித் தலைவர் தேர்தலில் இதை முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு உண்டு. நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் இவ்விரு மாவட்டங்களிலும் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்பு நிறக் காகிதச் சீட்டுதான் தரப்பட்டது. அதில் கட்சிச் சின்னமும் இல்லை. முத்திரைக்குப் பதிலாகப் பேனாவைக் கொடுத்து, மூன்று எண்கள் வரை இடலாம் என்றும் ஓர் எண் மட்டும் இட்டாலும் செல்லும் என்றும் விதி வகுத்தால், இரண்டாயிரம் வாக்குகள் உள்ள ஓர் ஊராட்சியின் சீட்டுகளை ஒரே மேசையில், ஒரே மாலையில் எண்ணிவிடலாம்.