பேச்சுப் பயிற்சி மேசையில் டி.டி.சி.எஸ். கருவி: சில வருட அனுபவம்

பக்கவாதத்தில் பேச்சு தடைபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சில வருடங்களாக டி.டி.சி.எஸ். (தலைக்கு வெளியிலிருந்து மூளைக்கு மெல்லிய மின்சாரம் கொடுக்கும் முறை) கருவியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். "வாங்கலாமா? வேலை செய்யுதா?" என்று சக தெரபிஸ்டுகளும் நோயாளிகளின் வீட்டாரும் கேட்டபடியே இருக்கிறார்கள். பதிலை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கைக்கு அடக்கமான பெட்டி, இரண்டு ஒயர், இரண்டு ரப்பர் மின்முனை, அவற்றுக்கு ஸ்பான்ச் உறை. தலைக்கு வெளியே வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம், 20 நிமிடம். இந்த அளவு மின்சாரம் நரம்பணுவை நேரடியாக இயக்காது. அது இயங்குவதற்கு எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதைத்தான் சற்றே மாற்றும். 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பாலுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கை அசைவுக்கான மூளைப்பகுதியில் காட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்தியும் சில நிமிடங்களுக்கு அந்த மாற்றம் நீடித்தது.

டி.எம்.எஸ். (காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறை) வேறு சமாச்சாரம். அதில் காந்தச் சுருள், டக் டக் என்ற சத்தம், காதில் அடைப்பான் எல்லாம் உண்டு. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரின் குழு தொடங்கி வைத்தது. அது நரம்பணுவை உண்மையாகவே உசுப்பிவிடும். 1991-இல் பாஸ்குவால் லியோன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வலிப்பு நோயாளிகளின் தலையின் இடது பக்கத்தில் அதை வைத்தபோது, சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது. மொழி ஆய்வில் இதற்கு மதிப்பு வந்தது அதனால்தான். பேசும்போது எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஸ்கேன் காட்டும். அந்தப் பகுதி இல்லாமல் பேச்சு நடக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்தைக் குழப்பிப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

சரி, என் மேசைக்கு வருகிறேன். இங்கே முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலை நிறைய எண்ணெய் தேய்த்துச் சீவி, நெற்றியில் விபூதியோடு அழைத்து வருவார்கள். பெட்டியில் மின்தடை எகிறிவிடும். இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "அம்மா, ஐயாவுக்கு ஷாம்பு போட்டுக் குளிக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க, எண்ணெய் வேண்டாம்." ஸ்பான்ச்சை சலைனில் நனைப்பதிலும் பதம் வேண்டும். சொட்டச் சொட்ட நனைத்தால் காது வரை வழிந்து மின்சாரம் பரவும். காய்ந்துபோனால் தோல் சுட்டுவிடும். கருவியோடு வரும் ரப்பர் பட்டை மகா மட்டம். நான் கிரேப் பேண்டேஜ்தான் சுற்றுகிறேன்.

தொடங்கியதும் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும் என்கிறார்கள் பெரும்பாலானோர். பிறகு மறந்துவிடுவார்கள். மின்முனையை எடுத்த இடம் சிவந்திருக்கும், தணிந்துவிடும். ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காகப் போலிச் சிகிச்சை (நிஜம் போலத் தோன்றும் வெறும் பாவனை) கொடுக்க இந்தக் குறுகுறுப்புதான் வசதி: முதல் அரை நிமிடம் மின்சாரம் கொடுத்து மெல்ல நிறுத்திவிட்டால் பலருக்கு வித்தியாசமே தெரியாது.

இனி முக்கியமான விஷயம். மின்முனையை வைத்துவிட்டு நோயாளியை டிவி பார்க்க விட்டால் அந்த 20 நிமிடம் வீண். அந்த நேரம் முழுக்க அவர் சொல் தேடிக்கொண்டிருக்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வைக்க உலகம் முழுக்கப் பயன்படும் பாஸ்டன் படத்தொகுப்பில் இக்லூ (பனிக்கட்டி வீடு), பீவர் (அணை கட்டும் விலங்கு), பிரெட்ஸல் (முடிச்சு வடிவத் தின்பண்டம்) என்று வரும். பக்கவாதம் வருவதற்கு முன்பே எங்கள் ஊர்ப் பெரியவருக்கு அவை தெரியாது. அதனால் அரிவாள்மனை, அம்மிக்கல், துடைப்பம், முறுக்கு என்று நானே படம் எடுத்து வைத்திருக்கிறேன். முறுக்குக்குப் பதில் வருவது போல மற்ற எதற்கும் சட்டென்று வருவதில்லை!

பலன்? 2018-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஃபிரிட்ரிக்ஸனின் குழு, நாள்பட்ட பேச்சிழப்பு உள்ள 74 பேருக்கு 15 அமர்வுகள் பயிற்சி கொடுத்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம், மீதிப் பேருக்குப் போலி. நிஜக் குழு பெயர் சொல்வதில் கூடுதலாக முன்னேறியது. ஆனால் அந்த ஆய்வின் கேள்வியே "இதை மேலும் ஆராய்வது வீணா?" என்பதுதான், வீண் என்று சொல்ல முடியாது என்பதே பதில். விற்பனையாளர்கள் அதை "நிரூபிக்கப்பட்டது" ஆக்கிவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களின் கை அசைவுக்காக டி.எம்.எஸ். கொடுத்துப் பார்த்த நிச் என்ற பெரிய ஆய்வில் நிஜக் குழு, போலிக் குழு இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தேறினார்கள். இரண்டு பக்கமும் தீவிரப் பயிற்சி பொது. என் அனுபவமும் அந்தத் திசையில்தான். தினமும் பயிற்சிக்கு வருபவர்கள் மின்சாரம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் தேறுகிறார்கள். வைத்தவர்களில் சிலருக்குச் சொல் வேகமாக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலிக் குழு என்னிடம் இல்லை. தோன்றுவதற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுதான்.

"மேடம், கரண்ட் வச்சா அப்பா பழைய மாதிரி பேசிடுவாரா?" என்று ஒரு மகன் கேட்டார். கரண்டை விட்டால்கூட பரவாயில்லை, பயிற்சியை விடாதீர்கள் என்றேன். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பயிற்சிக்கே போகட்டும்.

மண்டைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (கேட்க உதவும் கருவி), நெஞ்சில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் நான் தொடுவதில்லை. அறுவைச் சிகிச்சையில் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் மின்சாரம் போகும் பாதையே மாறிவிடும்; அவர்களுக்கும் அப்படித்தான். 9 வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் வீடியோக்களை அனுப்பி அபிப்பிராயம் கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதில் மின்தடையைப் பார்த்துத் தானாக நிறுத்தும் வசதி கிடையாது, பேச்சு வராதவரால் "எரியுது" என்று சொல்லவும் முடியாது.